துடிப்பு 48: பயப்பட வேண்டியது யாருக்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. சென்ற மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். என் இ.சி.ஜி. தாளின் மேல் மூலையில் ‘சைனஸ் பிராடிகார்டியா, நிமிடத்துக்கு 48’ என்று அச்சாகியிருந்தது. அங்கிருந்த மருத்துவர், “பரவாயில்லை, ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பார்க்கிறேன். பகலில் 50-ஐ ஒட்டியே இருக்கிறது. இரவில் விழிப்பு வந்து பார்த்தால் 42. ஒருமுறை 31 என்று காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் 60 என்றது. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ஆறு வருடமாக ஓட்டப் பயிற்சி செய்கிறேன், வாரத்தில் ஐந்து நாள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்ததில்லை. ஆனால் மூன்று மாதமாகப் பழைய வேகம் வரவில்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்க நான்கு மாதமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றபடி எந்த மருந்தும் இல்லை. பிராடிகார்டியா என்றால் என்ன? தூக்கத்தில் இதயம் நின்றுவிடுமா? பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருமா?

பின்குறிப்பு: அப்பாவுக்கு வயது 71. அவருக்கும் துடிப்பு குறைவுதான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் 38, 40 என்று வரும். “நம் குடும்ப வாகே அப்படி” என்பார். இது பரம்பரையாக வருவதா? அவர் நன்றாகத்தான் இருக்கிறார். வயதாகிவிட்டதால் நடப்பது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த மாதம் இரண்டு தடவை கால் தடுக்கி விழுந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள், நல்ல வேளை கையில் ஒரு கீறல்கூட இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தை முதலில் மேலிருந்து கீழாகப் படித்தேன். பின்குறிப்பை முடித்ததும் கீழிருந்து மேலாக இன்னொரு தடவை படித்தேன். பதிலையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிய பகுதி அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே உங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே திரும்பவும் சொல்கிறேன்.

அப்பாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாளை மறுநாள், வார இறுதி என்று தள்ள வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்? நீங்கள் ‘நல்ல வேளை’ என்று எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம். கால் தடுக்கினால் மனிதர் என்ன செய்வார்? கையை ஊன்றப் பார்ப்பார். உள்ளங்கை சிராய்க்கும், மணிக்கட்டு பிசகும், முழங்கால் தேயும். நினைவு இருப்பவரின் உடம்பு முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே கையை நீட்டிவிடும். நெற்றி கிழிந்து தையல் போடும் அளவுக்கு அடி, கையில் கீறலே இல்லை என்றால், தரையைத் தொடும்போது அவருக்கு நினைவு இருந்ததா என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. அப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். சில வினாடி நினைவு போய்த் திரும்பியவர்களில் பலருக்கு அது போனதே தெரியாது. தரையில் கிடக்கிறோம், அப்படியானால் தடுக்கித்தான் விழுந்திருப்போம் என்று மனசு ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும்.

71 வயது, நாடி 38, ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தது, நடை குறைந்தது. இவை நான்கும் சேர்ந்து வரும்போது, வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை இதயத்தின் மின்சாரத்தில் கோளாறு என்றே எடுத்துக்கொள்வோம். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள். போகிற வழியிலோ வீட்டிலோ மறுபடி மயங்கினால், மூச்சுத் திணறினால், நெஞ்சில் பாரம் என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறார் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இனி அந்த வார்த்தை. பிராடிஸ் என்றால் கிரேக்கத்தில் மெதுவானது, கார்டியா என்றால் இதயம். இரண்டையும் ஒட்டினால் பிராடிகார்டியா, மெதுவான இதயத்துடிப்பு. அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னால் உடம்பு சூடாக இருக்கிறது என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது அல்லவா? இதுவும் அந்த மாதிரிதான். துடிப்பு குறைந்திருப்பதை அது சொல்லும். அது நல்லதற்கா கெட்டதற்கா என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும். உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒரே பெயரைச் சூட்டலாம். இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எவ்வளவு குறைந்தால் ‘குறைவு’? பாடப்புத்தகங்களில் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று இருக்கும். 60 என்பது எல்லோருக்கும் நினைவில் நிற்கும் ஒரு முழு எண், அதைத் தாண்டி அதற்கு மகிமை எதுவும் இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் எத்தனையோ பேருக்கு ஓய்வில் 55, 52 என்று இருக்கும். 2018-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் மந்தத்துக்கான எல்லையை 50-க்குக் கீழே இறக்கிவிட்டது. உங்கள் தாளில் இருக்கும் அந்த வரியை மனிதர் யாரும் எழுதவில்லை. கருவியில் இருக்கும் கணினி, எண் தனக்குக் கொடுத்த எல்லைக்குக் கீழே போனதும் தானாக அச்சடித்துவிடும். நீங்கள் ஓடுபவர் என்பது அதற்குத் தெரியாது.

அந்த வரியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது: ‘சைனஸ்’ என்ற முதல் சொல். இதயத்தின் வலது மேலறையின் உச்சியில், பெரிய சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசுக்கொத்து இருக்கிறது. 1907-இல் கீத், ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டு விவரித்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் முதல் மின்பொறி அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். அது மேலறைகளில் பரவி, நடுவில் இருக்கும் ஏ.வி. கணுவுக்கு வரும். அங்கே ஒரு கணம் தாமதித்து, பிறகு கம்பிகள் போன்ற இழைகள் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். உங்கள் இதயத்தில் பொறி சரியான இடத்தில் கிளம்பி, சரியான வழியில் இறங்குகிறது, கொஞ்சம் நிதானமாக. சைனஸ் பிராடிகார்டியா என்பதன் பொருள் இதுதான்.

நிதானம் எங்கிருந்து வருகிறது? வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையிலிருந்து இறங்கி வருகிறது. பெயரைக் கேட்டுத் தமிழர்கள் ஏமாந்துவிடக் கூடாது, இதயத்தில் அதன் வேலை வேகத்தைக் குறைப்பது. எந்த நரம்பும் தலையிடாமல் விட்டால் சைனஸ் கணு தன் போக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிக்கும். நாம் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது 70 ஆக இருப்பதே வேகஸ் பிரேக் பிடித்து வைத்திருப்பதால்தான். தூங்கும்போது அது இன்னும் அழுத்திப் பிடிக்கும். அதனால் இரவில் 42 என்பது உங்களைப் போன்றவருக்குச் செய்தியே இல்லை. நன்றாகப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்குத் தூக்கத்தில் 30-களில் போவதும், இரண்டு துடிப்புக்கு நடுவே இரண்டு வினாடி இடைவெளி விழுவதும் உண்டு.

வருடக்கணக்கில் ஓடுபவர்களுக்கு இன்னொன்றும் நடக்கிறது. சாதாரண இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லிட்டர். பயிற்சியில் இதய அறைகள் விரிந்து, ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் தள்ளப் பழகிவிட்டால் அதே 4.9 லிட்டருக்கு 49 துடிப்பு போதும். உடம்புக்குத் தேவை ரத்தம்தான். எத்தனை தவணையில் வந்தது என்று அது கணக்குக் கேட்பதில்லை.

‘தூக்கத்தில் நின்றுவிடுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரோக்கியமான இதயத்தில் சைனஸ் கணு கொஞ்சம் சோர்ந்தால், ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி 40 முதல் 60 வரை தானே அடிக்க ஆரம்பிக்கும். அதுவும் கைவிட்டால் கீழறைகள் 20 முதல் 40 வரை சொந்தமாக அடித்துக்கொள்ளும். இப்படி ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் காவல் இருக்கிறது. ஓடும்போது மயங்காதவர், இ.சி.ஜி.யில் வேறு கோளாறு இல்லாதவர், வெறும் 48-க்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறீர்களா என்று. அந்த மாதிரி உறக்க மூச்சுத்தடை இருப்பவர்களுக்கும் இரவில் துடிப்பு மிகவும் இறங்கும். அதற்கு வைத்தியம் மூச்சுக்குத்தான், இதயத்துக்கு இல்லை.

அடுத்தது அந்த 31. இதற்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில், ஓர் இரவுப் பணியில் கருவி ஒருவருக்கு 36 என்று காட்டியது. நான் பதறிப்போய், துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசியைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு படுக்கைக்கு ஓடினேன். அவர் நிதானமாக உட்கார்ந்து எனக்கு வணக்கம் சொன்னார். பின்னாலேயே வந்த மூத்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து, மறுமுனையை என் காதில் மாட்டினார். எண்ணினேன், 72. அவருக்கு ஒவ்வொரு சாதாரணத் துடிப்புக்குப் பின்னாலும் ஒரு அவசரத் துடிப்பு வந்துகொண்டிருந்தது. இதயம் நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுவதால், அந்தத் துடிப்பு மணிக்கட்டுவரை, விரல்வரை வந்து சேரவில்லை. கருவி பாதியைத்தான் எண்ணியிருக்கிறது. “எண்ணுக்கு ஊசி போடாதே, ஆளுக்குப் போடு” என்றார். அந்த ஊசியைக் கீழே கொட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் 31 கொஞ்ச நேரத்தில் 60 ஆனது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த மாதிரி அவசரத் துடிப்புகள் சில வந்திருக்கலாம். அல்லது விரல் குளிர்ந்திருக்கலாம், கை அசைந்திருக்கலாம், நகப்பூச்சு இருந்திருக்கலாம். ஆக்சிமீட்டர் விரலுக்குள் பாயும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறது, இதயத்தை அது நேரில் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது துடிப்பு சீராக இருப்பவர்களுக்குத்தான் சரிவரும். இதே கருவிப் பிழை உங்கள் அப்பாவின் 38-க்கும் பொருந்தலாம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் உண்மையான துடிப்பு 76 ஆக இருக்கலாம். ஆனால் அதை இ.சி.ஜி.தான் சொல்ல வேண்டும். இரண்டு முறை விழுந்த பிறகு அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

இப்போது உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே சுவாரசியமான வரிக்கு வருகிறேன். ‘ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மாத்திரை.’ அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. தலைவலிக்குத்தானே, இதயத்துக்கும் அதற்கும் என்ன என்று விட்டிருப்பீர்கள். பரிசோதனை முகாமிலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ப்ரோப்ரனலால் ஒன்று. அது பீட்டா பிளாக்கர் வகை. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுப்பதுதான் அந்த வகையின் அடிப்படை வேலையே. ஏற்கெனவே ஓட்டத்தால் 56, 58 என்று இருந்திருக்கக்கூடிய துடிப்பை அது 48-க்கு இறக்கியிருக்கலாம். மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதம், ஓட்டத்தில் வேகம் குறைந்து மூன்று மாதம் என்பதும் பொருந்துகிறது. ஓடும்போது துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் இந்த மருந்து பிடித்துவைக்கும், அதனால் கால் கனக்கும்.

எனவே மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் என்று ‘லால்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் தயவுசெய்து இன்றே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட பீட்டா பிளாக்கரை ஒரே நாளில் விட்டால், அடக்கிவைத்திருந்த எல்லாம் திமிறிக்கொண்டு வரும். படபடப்பு, ரத்த அழுத்த உயர்வு, இதய நோய் மறைந்திருப்பவர்களுக்கு நெஞ்சுவலிகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், துடிப்பு 48, பழையபடி ஓட முடியவில்லை என்ற இரண்டையும் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு வகை மருந்துக்கு மெல்ல மாற்றுவார். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் துடிப்பைத் தொடாத மருந்துகள் பல இருக்கின்றன.

மாத்திரை அந்த வகையே இல்லை என்றால்? அப்போது களைப்புக்குக் காரணம் தேட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் துடிப்பும் குறையும், உடம்பும் மந்தமாகும், குளிர் தாங்காது. டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். கூடவே ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது நல்லது, உங்கள் வயதில் பெண்களின் களைப்புக்கு அது அடிக்கடி காரணம். இவை சரியாக இருந்தும் களைப்பு தொடர்ந்தால் டிரெட்மில் பரிசோதனை. ஓட ஓடத் துடிப்பு ஒழுங்காக ஏறுகிறது என்றால் சைனஸ் கணு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஏற மறுக்கிறது என்றால்தான் மேலே யோசிக்க வேண்டும். பேஸ்மேக்கர் பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. நான் குறிப்பிட்ட அந்த 2018 வழிகாட்டுதலே, சைனஸ் கணு மெதுவாக இருக்கும்போது, இந்த எண்ணுக்குக் கீழே போனால் பேஸ்மேக்கர் என்று ஒரு கோடு போடவில்லை. துடிப்பு குறையும் நேரமும் தொந்தரவு வரும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறது.

ஆக்சிமீட்டரை ஒரு டிராயரில் போட்டு மூடுங்கள். இருபது தடவை பார்த்தால் இருபது தடவை பயம் வரும், அந்தப் பயத்தில் துடிப்பு ஏறும், ‘ஏன் இப்போது 80?’ என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள்.

மறுபடி அப்பாவிடம் வருகிறேன், ஏனென்றால் மருத்துவமனையில் உங்கள் காதில் விழக்கூடிய சில சொற்களுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

அதில் முதல் சொல் ‘ஹார்ட் பிளாக்’. இதைக் கேட்டதும் பத்தில் எட்டுப் பேர், “ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்துவிடலாமா?” என்று கேட்பார்கள் என்பது என் அனுபவம். ரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு. அது குழாயில் வரும் சிக்கல், இது வயரிங்கில். மேலறையில் கிளம்பிய மின்பொறி கீழறைக்கு இறங்கும் வழியில் தாமதமானால் முதல் நிலை. சில பொறிகள் இறங்கி, சில தொலைந்தால் இரண்டாம் நிலை. ஒன்றுமே இறங்கவில்லை என்றால் முழு பிளாக். அப்போது மேலறைகள் தம் பாட்டுக்கு 75, 80 என்று அடிக்கும், கீழறைகள் அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் 30, 40 என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் மேலே சொன்ன கடைசிக் காவல்காரர் அவர்தான். அவர் நம்பகமானவர் இல்லை. திடீரென்று ஆறேழு வினாடி ஓய்ந்துவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மரம் போலச் சாய்வார். துடிப்பு திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, “ஒன்றும் இல்லை, தடுக்கிவிட்டது” என்பார்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1827-இல் ராபர்ட் ஆடம்ஸ், 1846-இல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற இரு டப்ளின் மருத்துவர்கள் மெதுவான நாடியையும் திடீர் மயக்கத்தையும் சேர்த்து எழுதினார்கள். அப்போது இ.சி.ஜி. கிடையாது. நாடியில் வைத்த விரலும் ஸ்டெதாஸ்கோப்பும்தான் கருவி. இன்றும் அந்த மயக்கத்துக்கு அவர்கள் இருவரின் பெயர்தான்.

முதல் இ.சி.ஜி. சாதாரணமாக வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். இ.சி.ஜி. என்பது பத்து வினாடிப் பதிவு. பிளாக் வந்து வந்து போகும் கட்டத்தில் அந்தப் பத்து வினாடியில் சிக்காமல் போகலாம். 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்ட்டர், அதிலும் சிக்கவில்லை என்றால் தோலுக்கு அடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் சின்னக் கருவி எல்லாம் இருக்கின்றன. விழுந்தவரைப் பெரும்பாலும் மானிட்டரில் வைத்துப் பார்ப்பார்கள்.

திருத்தக்கூடிய காரணம் இருக்கிறதா என்பதையும் தேடுவார்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார் என்றால் அதையும். சிரிக்காதீர்கள், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் யாரும் கண் சொட்டைச் சொல்வதில்லை, அது சாப்பிடுவது இல்லையே! டில்டியாசம், வெராப்பமில், டிகாக்சின் போன்றவையும் துடிப்பை இறக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் துடிப்பு ஆபத்தான அளவுக்கு விழும். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு, வயதானவர்களுக்கு வலியே இல்லாமல், துடிப்புக் குறைவாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு.

இவை எதுவும் இல்லை, மின்வழிதான் வயதில் தேய்ந்துவிட்டது, முழு பிளாக் என்று உறுதியானால் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்வார்கள். அங்கே எண்ணைப் பற்றியோ தொந்தரவு இருக்கிறதா என்பது பற்றியோ பெரிதாக விவாதம் இருக்காது. பொதுவாகக் காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பியைச் சிரை வழியாக இதயத்துக்குள் இறக்குவார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. பேட்டரி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வரும். அந்தப் பக்கத்துக் கையைச் சில வாரம் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. செல்போனைச் சட்டைப்பையில் பெட்டிக்கு நேர் மேலே வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்ற கருவிகளும் இப்போது வந்துவிட்டன, வைப்பதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா மறுக்கக்கூடும். “இந்த வயதில் எதற்கு” என்பார். இன்னும் சிலர், பேஸ்மேக்கர் வைத்தால் கடைசிக் காலத்தில் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்று பயப்படுகிறார்கள். இதை என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் நிறையப் பேர். அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பெட்டி ஒரு தூண்டலை அனுப்பும், அவ்வளவே. சுருங்க வேண்டியது தசைதான். தசை ஓய்ந்த பிறகு பெட்டி அனுப்பும் தூண்டலுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

தயங்கினால் ஆர்னே லார்சனின் கதையைச் சொல்லுங்கள். முழு பிளாக்கால் நாளுக்குப் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்த ஸ்வீடன்காரர். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதல் முறையாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது அவருக்குத்தான். அப்போது அவருக்கு வயது 43. அந்த முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. மனிதர் விடவில்லை. வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் தம் 86-ஆவது வயதில் வேறு நோயால் காலமானார். கருவியை வடிவமைத்த எல்ம்க்விஸ்டும் அதைப் பொருத்திய அறுவை மருத்துவர் சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பரம்பரையா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. குடும்பங்களில் ஓடும் மின்வழிக் கோளாறுகள் இருக்கின்றன, ஆனால் அரிது. இளம் வயதில் மயங்கி விழுந்தவர்கள், திடீரென இறந்தவர்கள், 50 வயதுக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். 71 வயதில் ஒருவருக்கு வரும் பிளாக்கும் ஓடுகிற மகளின் 48-ம் ஒரே வீட்டில் இருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. அப்பாவின் ‘குடும்ப வாகு’ விளக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. நடப்பதைக் குறைத்துக்கொண்டது வயதால் என்பதையும்தான். துடிப்பு ஏறாததால் நடக்க முடியாமல் போனவர்கள், ‘வயதாகிவிட்டது’ என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிக்குப் பின்வாங்குவார்கள். பேஸ்மேக்கர் வைத்த ஒரு மாதத்தில் மாடியேறி வந்து என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு, ஏன் இரண்டு வருடம் முன்பே சொல்லவில்லை என்று.

மருத்துவமனைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், வேறு யாருடனும் அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள். அங்கே கேட்டால் அவர், “கால் தடுக்கிவிட்டது டாக்டர்” என்றுதான் சொல்லப் போகிறார், கேட்பவரும் நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடும். நீங்கள் குறுக்கிட்டு மூன்று விஷயம் சொல்லுங்கள்: வீட்டுக் கருவியில் துடிப்பு 38, ஒரே மாதத்தில் இரண்டு தடவை விழுந்தார், கையில் ஒரு கீறல்கூட இல்லை.